கை தூக்காத பிள்ளைக்கு ஒரு மஞ்சள் தாள்

பிள்ளைகளின் படிப்பைப் பற்றித் தொலைக்காட்சி அரங்கங்களில் பேச்சு எழும்போதெல்லாம் பெற்றோர் தரப்பிலிருந்து தவறாமல் வரும் குறை ஒன்று உண்டு. "வீட்டில் வாய் ஓயாமல் பேசுகிறான். வகுப்பில் மட்டும் வாயைத் திறப்பதே இல்லையாம்." ஆசிரியர்களின் குறையும் ஏறக்குறைய இதேதான். கேள்வி கேட்டால் முன்வரிசையில் இருக்கும் அதே 4 பேர் கை தூக்குகிறார்கள். மற்ற 26 பேருக்கு விடை தெரியுமா, தெரியாதா என்பது ஆசிரியருக்குத் தெரிவதில்லை. பல வேளைகளில் அந்தப் பிள்ளைகளுக்கே தெரிவதில்லை.

இந்த மௌனத்தை எப்படித் திறப்பது என்று தேடும் ஆசிரியர்கள் பலர் இன்று கையில் எடுத்திருப்பது ஒரு சிறு தாள். 3 அங்குலச் சதுரம். பின்புறம் மேல் விளிம்பில் மட்டும் ஒரு பட்டை பசை. ஒட்டினால் ஒட்டும், உரித்தால் கிழியாமல் வந்துவிடும். கடையில் 'ஸ்டிக்கி நோட்' என்று கேட்டால் கொடுப்பார்கள். தமிழில் ஒட்டுத்தாள் என்று சொல்லிக்கொள்ளலாம். "மேனேஜர் போன் செய்தார்" என்று எழுதிக் கணினித் திரையில் ஒட்டுவதற்குப் பயன்பட்ட இந்த அலுவலகப் பொருள் வகுப்பறையில் என்ன வேலை செய்கிறது? எங்கே வேலை செய்யாமல் வெறும் அலங்காரமாகிப் போகிறது? சற்று விரிவாகவே பார்ப்போம்.

தோற்றுப்போன பசை

1968ஆம் ஆண்டு. அமெரிக்காவின் 3எம் நிறுவனத்தில் வேலை செய்த ஸ்பென்சர் சில்வர் என்ற வேதியியல் அறிஞர் மிக வலுவான பசை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். கிடைத்ததோ மிகவும் வலுவில்லாத பசை. அது கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய உருண்டைகளால் ஆனது. மற்ற பசைகள் பரப்பு முழுவதையும் பற்றிக்கொள்ளும். இதுவோ உருண்டைகள் தொடும் இடங்களில் மட்டும் பிடித்துக்கொள்ளும். எனவே இழுத்தால் வந்துவிடும். இதை வைத்து என்ன செய்வது என்று பல ஆண்டுகள் யாருக்கும் புரியவில்லை.

அதே நிறுவனத்தைச் சேர்ந்த ஆர்ட் ஃபிரை, தேவாலயப் பாடகர் குழுவில் பாடுபவர். பாட்டுப் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைக்கும் துண்டுத் தாள்கள் கீழே விழுந்துகொண்டே இருந்தன. 1974இல் அவருக்குச் சில்வரின் பசை நினைவுக்கு வந்தது. மீதியெல்லாம் வரலாறு. 1980இல் அமெரிக்கா முழுவதும் 'போஸ்ட்-இட்' விற்பனைக்கு வந்தது. மஞ்சள் நிறம் ஏன் என்றால், பக்கத்து ஆய்வுக்கூடத்தில் மஞ்சள் கழிவுத் தாள்தான் கிடைத்ததாம். பெரிய ஆராய்ச்சியெல்லாம் ஒன்றுமில்லை!

இந்தக் கதையில் ஆசிரியருக்கு வேண்டியது ஒன்றுதான். வலுவில்லாத பிடிப்பே இந்தத் தாளின் வலு. பயிற்றுப் புத்தகத்தில் எழுதியதை மாற்ற வேண்டுமானால் அடிக்க வேண்டும். அடித்த கோடு நிற்கும், சிவப்பு மை அதைச் சுற்றி வட்டம் போடும். ஒட்டுத்தாளைத் தவறான இடத்தில் ஒட்டிய பிள்ளை, அதை உரித்துச் சரியான இடத்தில் ஒட்டினால் தவறிய தடமே இருக்காது. தவறு செய்வோமோ என்று அஞ்சி வாயை மூடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இது சிறிய சலுகை அல்ல.

மூன்று விநாடி

அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறைகளைக் கவனித்துச் சொன்ன செய்தி ஒன்று ஆசிரியர் பயிற்சியில் இன்றும் பேசப்படுகிறது. கேள்வி கேட்ட ஆசிரியர் விடைக்காகக் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு விநாடி அளவுதான். அதை 3 விநாடியாக நீட்டினாலே விடைகள் நீள்கின்றன. வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள்.

மூன்று விநாடிக்கே இந்தப் பலன் என்றால், ஒட்டுத்தாள் மூன்று நிமிடம் தருகிறது. "எல்லாரும் எழுதுங்கள், யாரும் பேசக்கூடாது" என்று சொன்ன மாத்திரத்தில் வேகமாகக் கை தூக்கும் 4 பேருக்கு இருந்த வசதி போய்விடுகிறது. நிதானமாக யோசிக்கும் பிள்ளைக்கும் அதே மூன்று நிமிடம். ஃபிராங்க் லைமன் 1981இல் முன்வைத்த 'தனியாகச் சிந்தி, இணையோடு பேசு, வகுப்போடு பகிர்' என்ற முறையிலும் முதல் படி இந்தத் தனிமைதான். நம் வகுப்புகளில் அடிக்கடி விட்டுப்போவதும் அந்த முதல் படியே. நேராகக் குழுவில் உட்கார வைத்துவிட்டால் குழுவிலும் ஒருவர் பேசுவார், மூவர் தலையாட்டுவார்கள்.

ஜெஞ்சாரோமில் ஒரு பாடம்

எடுத்துக்காட்டுக்கு ஜெஞ்சாரோமை எடுத்துக்கொள்வோம். ஏன் ஜெஞ்சாரோம்? பாடநூலில் இல்லாத ஒரு பாடம் அந்த ஊர்ப் பிள்ளைகளின் வீடுகளில் இருக்கிறது.

2018 தொடக்கத்தில் சீனா வெளிநாட்டு நெகிழிக் கழிவுகளை வாங்குவதை நிறுத்தியது. கப்பல்கள் மலேசியாவின் பக்கம் திரும்பின. கிள்ளான் துறைமுகத்துக்கு அருகில் இருக்கும் கோல லங்காட் மாவட்டத்தில், செம்பனைக் காடுகளுக்கு இடையிலும் ஊர் ஓரங்களிலும் உரிமம் இல்லாத மறுசுழற்சித் தொழிற்சாலைகள் முளைத்தன. மறுசுழற்சிக்கு உதவாத கழிவு எரிக்கப்பட்டது. இரவில் வீட்டுக்குள் புகுந்த நாற்றமும் இருமலும் மக்களைத் திரட்டின. புகார்கள் குவிந்தன; தொழிற்சாலைகள் பல மூடப்பட்டன. ஜெஞ்சாரோம் என்ற பெயரை உலகத் தொலைக்காட்சிகள் உச்சரித்தன. 2019 மே மாதம் அப்போதைய அமைச்சர் இயோ பீ யின், கிள்ளான் துறைமுகத்தில் கொள்கலன்களைத் திறந்து காட்டி, கழிவுகள் வந்த நாடுகளுக்கே திருப்பி அனுப்பப்படும் என்று அறிவித்தார்.

இப்போது அந்த வட்டாரத்தில் ஐந்தாம் ஆண்டு வகுப்பு ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். பாடம் சுற்றுச்சூழல். "நெகிழி என்றால் என்ன?" என்று கேட்டால் பாடநூல் வரி திரும்பி வரும். அதையே முன்வரிசைப் பிள்ளை ஒப்பிக்கும்; பாடம் முடிந்தது. மாறாக, ஆளுக்கு இரண்டு ஒட்டுத்தாள் கொடுத்து, "நெகிழி எரிந்தால் உங்கள் வீட்டில் முதலில் யாருக்குத் தெரியும்? எப்படித் தெரியும்?" என்று கேட்டால்? பெயர் எழுத வேண்டாம். ஒரு தாளில் ஒரே ஒரு செய்தி. மூன்று நிமிடம்.

புகை உச்சத்தில் இருந்தபோது இந்தப் பிள்ளைகள் சிறு குழந்தைகள். ஆனால் வீட்டுப் பேச்சு காதில் விழுந்திருக்கும். பாட்டியின் இருமலை ஒரு பிள்ளை எழுதலாம். இரவில் சன்னலைச் சாத்தியதை இன்னொரு பிள்ளை எழுதலாம். "அந்தத் தொழிற்சாலையில்தான் மாமா வேலை செய்தார். மூடிய பிறகு வேலை இல்லை" என்று ஒரு தாள் வந்தால்? புகையைத் திட்டி எல்லாரும் பேசும் வகுப்பில் எந்தப் பிள்ளையும் எழுந்து நின்று இதைச் சொல்லப் போவதில்லை. தாளில் சொல்லலாம். அந்த ஒரு தாள் சுவரில் ஏறியதும் பாடம் வேறு பாடமாகிவிடுகிறது. ஊருக்குக் கெடுதல் செய்த ஒன்று யாரோ ஒருவருக்குச் சோறு போட்டது என்பதைப் பத்து, பதினோரு வயதுப் பிள்ளைகள் யோசிக்கத் தொடங்குகிறார்கள். உயர்நிலைச் சிந்தனை என்று கல்வி அமைச்சு ஏட்டில் எழுதியிருப்பது இதைத்தான்.

எழுதி முடித்ததும் தாள்களைப் பெரிய மாஜோங் தாளில் ஒட்டச் சொல்ல வேண்டும். அடுத்து வருவது வகைப்படுத்தல். ஒரு குழு எழுந்து வந்து, பேசாமல், ஒத்த தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் நகர்த்தும். மற்றவர்கள் பார்ப்பார்கள். பிறகு அடுத்த குழு வந்து நகர்த்தும். உடல்நலம், வருமானம், சட்டம், காற்று என்று கொத்துகள் தாமாகவே உருவாகும். தலைப்பு முதலில் கொடுக்கக்கூடாது. கொத்து உருவான பிறகு பிள்ளைகளே பெயர் வைக்க வேண்டும். முக்கியமான இடம் இது. முதலிலேயே நான்கு தலைப்பை எழுதிப்போட்டுவிட்டால், அந்தத் தலைப்புகளுக்குள் அடங்கும் கருத்துதான் வரும். மாமாவின் வேலை வராது.

இந்த வகைப்படுத்தல் ஒட்டுத்தாளுக்கும் முந்தியது. ஜப்பானிய மானுடவியல் அறிஞர் ஜிரோ கவாகிதா 1960களில் இதை ஒரு முறையாக வகுத்தார். நேபாள மலைக் கிராமங்களில் கள ஆய்வு செய்தவர் அவர். குவிந்துபோன குறிப்புகளைத் துண்டு அட்டைகளில் எழுதி, தரையில் பரப்பி, ஒத்தவற்றைச் சேர்த்துப் பார்த்தார். அவருடைய பெயரின் முதலெழுத்துகளால் அது 'கேஜே முறை' என்று அழைக்கப்படுகிறது. ஒட்டுத்தாள் வந்த பிறகு தரையில் இருந்த அட்டை சுவரில் ஏறியது, அவ்வளவுதான்.

பாடம் அங்கேயே நின்றுவிடக்கூடாது. ஒரு கொத்து ஒரு பத்தி. ஒரு தாள் ஒரு வாக்கியம். பிள்ளை அவற்றைப் பார்த்துக் கட்டுரை எழுதலாம். "என்ன எழுதுவது என்றே தெரியவில்லை டீச்சர்" என்ற பேச்சுக்கு அங்கே இடமிருக்காது.

இலக்கணமும் நகரும்

தமிழ்மொழி வகுப்பில் இந்தத் தாள் இன்னும் நன்றாகப் பயன்படும். மாணவர்களும் ஆசிரியர்களும் ஒன்றுபோல் அஞ்சும் புணர்ச்சியையே எடுத்துக்கொள்வோம். இரண்டு சொற்கள் சேரும்போது தோன்றல், திரிதல், கெடுதல் என்று மூன்று மாற்றங்கள் நிகழும் என்று நன்னூல் வகுத்துச் சொல்கிறது. பிள்ளைகள் இந்த மூன்று சொற்களையும் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள்.

ஒட்டுத்தாளில் செய்து பாருங்கள். ஒன்றில் 'பூ', இன்னொன்றில் 'கூடை'. நடுவில் இடம் விட்டு ஒட்டுங்கள். 'க்' என்று எழுதிய தாளை ஒரு பிள்ளை வந்து நடுவில் ஒட்டட்டும். பூக்கூடை. ஒன்று புதிதாக வந்தது, தோன்றல். அடுத்து 'மர', 'ம்', 'வேர்' என்று மூன்று தாள்கள். 'ம்' தாளை உரித்து எடுக்கச் சொல்லுங்கள். மரவேர். ஒன்று போய்விட்டது, கெடுதல். 'பொ', 'ன்', 'குடம்' ஒட்டி, 'ன்' மேல் 'ற்' தாளை ஒட்டினால் பொற்குடம். ஒன்று வேறொன்றானது, திரிதல். 'மரம்' என்பதோடு 'கிளை' சேரும்போது 'ம்' போய், 'க்' வந்து மரக்கிளை ஆகிறது. ஒரே இடத்தில் ஒன்றை உரித்து இன்னொன்றை ஒட்ட வேண்டியிருக்கிறது. வகுப்பில் வாக்குவாதம் வரும். வரட்டும்! இலக்கணத்துக்காகப் பிள்ளைகள் சண்டை போடும் காட்சியை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

வாக்கியத்துக்கும் இப்படித்தான். நேற்று, அம்மா, கிள்ளானுக்கு, போனார் என்று நான்கு தாள்கள். முதல் மூன்றை எப்படி மாற்றி வைத்தாலும் பொருள் கெடுவதில்லை, அழுத்தம்தான் மாறுகிறது. 'அம்மா' இருந்த இடத்தில் 'நான்' வந்தால் 'போனார்' தாளை உரித்தே ஆக வேண்டும்; 'போனேன்' ஒட்ட வேண்டும். எழுவாயும் பயனிலையும் ஒன்றையொன்று பிடித்திருப்பதைக் கை உணர்கிறது. தேசியமொழியிலும் ஆங்கிலத்திலும் வினை இப்படி விகுதி மாறுவதில்லை. அங்கே சொல் நிற்கும் இடம்தான் பெரும்பாலும் பொருளைத் தீர்மானிக்கிறது. மூன்று மொழிகளைச் சுமக்கும் நம் பிள்ளைகளுக்கு இந்த வேறுபாடு கண்முன் தெரிவது நல்லது.

சுவரில் தொங்கும் வாகன நிறுத்தம்

2010களின் நடுவில் 21ஆம் நூற்றாண்டுக் கற்றல் முறை நாட்டுப் பள்ளிகளில் பரவியபோது 'கேலரி வாக்', 'எக்சிட் டிக்கெட்', 'பார்க்கிங் லாட்' போன்ற பெயர்களும் வகுப்பறைக்குள் நுழைந்தன. பார்க்கிங் லாட் என்பது, பாடத்தின்போது எழும் ஐயத்தைத் தாளில் எழுதிச் சுவரில் 'நிறுத்தி' வைக்கும் இடம். ஆசிரியர் பிறகு எடுத்துப் பார்த்து விளக்குவார். நல்ல யோசனைதான். பல வகுப்பறைகளில் அது பளபளக்கும் பலகையாக, கார் படங்களோடு, பிள்ளைகளின் பெயர் எழுதிய கட்டங்களோடு தொங்குகிறது. அதில் ஒட்டியிருக்கும் தாள்களைக் கவனித்தால் நிறம் வெளுத்திருக்கும். மாதக் கணக்கில் நிறுத்திய வாகனங்கள்! யாரும் எடுத்துப் படிக்கவில்லை.

ஐயத்தை எழுதி ஒட்டி, பதில் வராத பிள்ளை இரண்டாம் முறை எழுதாது. கை தூக்கிப் பதில் கிடைக்காததைவிட இது மோசம். ஏனென்றால் இந்தப் பிள்ளை அரும்பாடுபட்டு அந்த ஒரு வரியை எழுதியிருக்கும். ஆகவே கண்டிப்பான விதி ஒன்று வேண்டும்: அன்றே படிக்க முடியாவிட்டால் அன்று ஒட்டுத்தாள் கொடுக்காதீர்கள்.

படிப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? 30 தாள், தாளுக்கு 10 விநாடி என்றால் 5 நிமிடம். பாடம் முடியும்போது "இன்று உனக்குப் புரியாத ஒன்று" என்று கேட்டு வாங்கிய தாள்களை ஆசிரியர் அறையில் மூன்று குவியலாகப் பிரிக்கலாம். புரிந்தவர்கள், பாதி புரிந்தவர்கள், புரியாதவர்கள். மறுநாள் பாடத்தை மூன்றாவது குவியலிலிருந்து தொடங்கலாம். லண்டன் கிங்ஸ் கல்லூரியின் பால் பிளாக்கும் டிலன் வில்லியமும் 1998இல் வலியுறுத்தியதன் சாரமும் இதுவே: மாணவர் நிலையை அறிந்து, அதற்கேற்ப அடுத்த பாடத்தை மாற்றினால்தான் அது கற்றலுக்குதவும் மதிப்பீடு. வெறுமனே பதிவு செய்து வைத்தால் அது கோப்பு.

நம் நாட்டில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. 2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு அகற்றப்பட்டது. வகுப்பறை மதிப்பீடு முன்னுக்கு வந்தது. அடைவுநிலை 1 முதல் 6 வரை ஆசிரியரே முடிவு செய்ய வேண்டும். "என் பிள்ளைக்கு ஏன் 3 போட்டீர்கள்?" என்று கேட்கும் பெற்றோருக்குக் காட்ட ஏதாவது வேண்டாமா? பெயர் இல்லாத தாளை எப்படிக் காட்டுவது என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயமே. வழி இருக்கிறது. பெயரைப் பின்புறம் எழுதச் சொல்லலாம். சுவரில் இருக்கும்வரை நண்பர்கள் கண்ணில் படாது. உரித்தெடுத்த ஆசிரியருக்கு மட்டும் தெரியும். ஆனால் ஜெஞ்சாரோம் புகையைப் பற்றிக் கேட்டது போன்ற கேள்விகளுக்கு அதுவும் வேண்டாம். மனம் திறக்கச் சொல்லிவிட்டுப் புள்ளி போடுவது முறையல்ல.

சில நடைமுறைகள்

கூரை விசிறி சுழலும் நம் வகுப்புகளில் தாள்கள் பறப்பது பெரிய தொல்லை. காரணம் பெரும்பாலும் பசை அல்ல, உரிக்கும் விதம். கீழிருந்து மேலாக இழுத்தால் தாள் சுருண்டு நிற்கும். காற்று அதைப் பிடித்துக்கொள்ளும். பக்கவாட்டில் உரித்தால் தட்டையாக ஒட்டும். தூசி படிந்த சுவரில் எந்தத் தாளும் நிற்காது. மாஜோங் தாள், கண்ணாடிச் சன்னல், துடைத்த வெண்பலகை நல்லது. எழுத்து பின்வரிசைக்குத் தெரிய வேண்டுமானால் பென்சில் கூடாது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. எனவே தாளுக்கு ஆறேழு சொல் என்று வரம்பு வைத்தால் போதும்.

செலவு? 100 தாள் கொண்ட கட்டு, 30 பேருக்கு ஆளுக்கு இரண்டு என்றால் ஒரே பாடத்தில் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். ஆசிரியரின் சொந்தப் பையில்தான் கை வைக்க வேண்டியிருக்கும். ஒருபக்கம் அச்சான ஏ4 தாளை எட்டாகக் கிழித்தால் ஏறக்குறைய இதே அளவுத் துண்டுகள் கிடைக்கும். வகுப்பின் குறுக்கே ஒரு கயிறு, சில துணிக் கவ்விகள். நகர்த்தவும் முடியும், காசும் இல்லை. கழிவு பார்த்துச் சலித்த வட்டாரத்துக்கு இதுதான் பொருத்தமும்கூட.

நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் 2020இலிருந்து இந்தத் தாள் திரைக்கும் போனது. பேட்லெட்டில் இன்றும் ஒட்டலாம். பலர் பழகியிருந்த கூகுளின் ஜேம்போர்ட் 2024 இறுதியோடு நிறுத்தப்பட்டது. திரை வசதிதான், ஆனால் வீட்டில் ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பகிர்ந்த நாட்கள் நினைவிருப்பவர்களுக்குத் தாளின் அருமை புரியும்.

செய்யக்கூடாதவையும் உண்டு. கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குப் பச்சை, பின்தங்கியவர்களுக்குச் சிவப்பு என்று நிறம் பிரித்துக் கொடுப்பதைவிடக் கொடுமை வேறில்லை. எழுதத் திணறும் பிள்ளையைக் கட்டாயப்படுத்தவும் வேண்டாம். படம் வரையட்டும், அம்புக்குறி போடட்டும். ஏழெட்டுப் பேர் மட்டும் இருக்கும் சிறிய தமிழ்ப்பள்ளி வகுப்பில் கையெழுத்தைப் பார்த்தே யாருடையது என்று எல்லாரும் சொல்லிவிடுவார்கள். அங்கே சுவரில் ஒட்டுவதைவிட, மடித்து ஒரு டப்பாவில் போடச் சொல்வதே சரி.

டப்பாவில் விழும் தாள்களில் பாடத்துக்குத் தொடர்பில்லாத ஒன்று எப்போதாவது வரும். "எனக்கு போர்டு தெரியவில்லை" என்று மட்டும் எழுதியிருக்கும். பிழை திருத்த வேண்டாம், வகுப்பில் படித்துக் காட்டவும் வேண்டாம். அடுத்த நாள் எல்லாருடைய இடத்தையும் மாற்றி உட்கார வைப்பதுபோல் அந்தப் பிள்ளையை முன்னால் கொண்டுவந்துவிட்டு, மாலையில் வீட்டுக்கு ஒரு போன் செய்து, கண் பரிசோதனைக்கு அழைத்துப்போகச் சொல்லலாம்.